வீரணன் துப்பாக்கிக்கு டெலஸ்கோப் பூட்டிய கதை

கண்ணைத் திறக்காதீர்கள் சார். அந்த நர்ஸம்மா இப்போதுதான் இரண்டாவது தடவையாகச் சொட்டு மருந்து விட்டுப் போயிருக்கிறார். அரை மணி நேரம் மூடித்தான் வைத்திருக்க வேண்டும். நடுவில் திறந்து வேடிக்கை பார்த்தால் திரும்ப முதலிலிருந்து விடுவார்கள். இந்தக் கூடத்தில் பார்ப்பதற்கும் ஒன்றும் இல்லை. அறுபது பேர் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறீர்கள். யாருக்கோ மௌன அஞ்சலி செலுத்துகிற மாதிரி இருக்கிறது. காது சும்மாதானே இருக்கிறது? கேளுங்கள்.

எனக்கு மருந்து விடவில்லை. என் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. நான் துணைக்கு வந்தவன். உள்ளே ஆறாம் நம்பர் அறையில், கருவியில் தாடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே வீரணன், அவனுக்குத் துணை. இருவருக்கும் போடிநாயக்கனூர். அவன் ஜீப் ஓட்டுகிறவன். நான் நாகசாமி, தையல் மிஷின் மெக்கானிக். எஸ்டேட்காரர்களின் ஏர்கன்களையும் பார்த்துக் கொடுப்பேன். ஏலக்காய்த் தோட்டத்தில் குரங்கை விரட்ட ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள். அதில் ஸ்பிரிங் போகும், வாஷர் போகும். ஊரில் என்னைப் புளுகு மெக்கானிக் என்பார்கள். பொறாமை. வேறென்ன?

அவன் வெளியே வருவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும். அவன் இருக்கும்போது சொல்ல முடியாத விஷயம். உங்களிடம் மறைப்பானேன், ஒரு மணி நேரமாக இங்கே உட்கார்ந்து நான் ஒன்றே ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். டாக்டர் வீரணன் கண்ணில் ஒரு புரை இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பெரிதாக வேண்டாம். சின்னதாக, அறுத்தால் போய்விடுகிற மாதிரி, ஒரு கடுகளவு புரை.

முகத்தைச் சுளிக்காதீர்கள். கண்தான் மூடியிருக்கிறது, சுளிப்பது எனக்குத் தெரிகிறது. முழுக்கக் கேட்டால் நீங்களும் சேர்ந்து வேண்டிக்கொள்வீர்கள்.

எங்கள் ஊரில் விடிந்ததும் நூறு நூற்றைம்பது ஜீப் மலை ஏறும். ஏலத்தோட்டத்தில் களையெடுக்க, பழம் எடுக்கப் போகிற பெண்கள் வண்டிக்குப் பத்துப் பதினைந்து பேர் அடைந்துகொண்டு போவார்கள். போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றும் இல்லை. மேகம் இறங்கிவிட்டால் பாறைப் பக்கமும் ஒன்றும் இல்லை. அதில் யார் வண்டியில் ஏறுவது என்பதற்கு எங்கள் ஸ்டாண்டுப் பெண்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். காணும் பொங்கல் அன்று ஜீப் சங்கத்துத் துப்பாக்கிப் போட்டி நடக்கும். கயிறு கட்டி, அதில் நூலில் ஐந்து எலுமிச்சம்பழம் தொங்கவிடுவார்கள். இருபத்தைந்து எட்டு வைத்து, அவ்வளவு தள்ளி நின்று ஏர்கன்னால் அடிக்க வேண்டும். மலைக் காற்றில் பழம் ஆடிக்கொண்டே இருக்கும். பரிசு ஒரு எவர்சில்வர் குடம், அதை யார் மதிக்கிறார்கள்? போட்டியைச் சுற்றி நின்று பார்க்கிற பெண்கள்தான் கணக்கு. எவன் பழத்தை விழுத்தாட்டுகிறானோ அவன் வண்டிக்கு வருஷம் முழுக்க ஆள் நிறையும். ஆடுகிற எலுமிச்சையைப் பார்த்து அடிக்கிறவன் அசையாத வளைவைப் பார்க்க மாட்டானா என்பது அவர்கள் நியாயம். லைசென்ஸ், எஃப்சி எல்லாம் போலீஸுக்கு. எலுமிச்சைதான் அவர்களுக்கு.

பதினோரு வருஷம் வீரணன்தான் குடம் வாங்கினான். அவன் வீட்டில் தண்ணீர் பிடிக்க வேறு பாத்திரமே கிடையாது. சும்மா இரும்புக் குறிதான், குழல் நுனியில் ஒரு பொட்டு, பின்னால் ஒரு வெட்டு, அதை வைத்தே நாலு பழமாவது விழும்.

போன வருஷம் ராசாங்கம் என்கிற ஓட்டுநர் டெலஸ்கோப் மாட்டிய துப்பாக்கியோடு வந்து அவனும் நாலு அடித்தான். இரண்டு பேருக்கும் பாதிக் குடம். அப்போதுதான் நான் வீரணனிடம் சொன்னேன்.

"மாப்ளே, உனக்கும் ஒரு டெலஸ்கோப் மாட்டித் தர்றேன். எலுமிச்சை பூசணிக்கா மாதிரி தெரியும்."

"எனக்கு எலுமிச்சை எலுமிச்சையாத் தெரிஞ்சாப் போதும்டா" என்றான்.

"வயசு அறுபத்து மூணு ஆகுது. கண்ணு இப்படியே இருக்குமா?"

அப்படிச் சொன்னது நான்தான். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டெலஸ்கோப் விஷயத்தில் எனக்குக் கைராசி உண்டு சார். ஒரு எஸ்டேட் முதலாளிக்கு நான் பூட்டிக் கொடுத்த டெலஸ்கோப்பில் போடியிலிருந்து பார்த்தால் மெட்டு செக்போஸ்ட்டில் நிற்கிற காவலரின் கைக்கடிகாரம் தெரிந்தது. ஏழு நிமிஷம் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. ஆள் அனுப்பிச் சரியாக வைக்கச் சொன்னேன். இன்னொரு தோட்டத்தில் ஒரு கிழட்டுக் குரங்கு துப்பாக்கியின் முன்பக்கமாக வந்து டெலஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்தது. அந்தப் பக்கமாகப் பார்த்தால் எல்லாம் சின்னதாகத்தானே தெரியும்? முதலாளி அதற்குச் சுண்டெலி அளவில் தெரிந்திருக்கிறார். அன்றிலிருந்து அந்தத் தோட்டத்துக் குரங்குகள் அவருக்கு எழுந்து வழிவிடுவதில்லை. சிரிக்கிறீர்கள். நல்லது. சிரித்தால் மருந்து நன்றாகப் பரவும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டெலஸ்கோப் வீரணனின் மருமகன் துபாயிலிருந்து கொண்டு வந்து கொடுத்தது. அதைத் துப்பாக்கியில் பிடித்து வைக்கிற மவுண்ட் வாங்க நான் இதே மதுரைக்குத்தான் வந்தேன். கடையில் ஒரு பெண். முப்பது வயது இருக்கும். எனக்குப் பாடம் நடத்தினாள் சார், எனக்கு!

"ஐயா, ஸ்பிரிங் கன்னா? அப்ப ரெண்டு தனி வளையம் எடுக்காதீங்க. ஒரே துண்டா இருக்கிற மவுண்ட் எடுங்க. தோட்டா போடுற துப்பாக்கி பின்னாடி மட்டும்தான் உதைக்கும். இது முதல்ல பின்னாடி உதைச்சு, அப்புறம் முன்னாடி வெட்டி இழுக்கும். டெலஸ்கோப்பு நகர்ந்துரும்."

அது எனக்குத் தெரியாதா? ஜீப்பில் கிளட்சைப் படக்கென்று விட்டதும் பின்னால் சாய்ந்து, உடனே பிரேக் அடித்ததும் முன் சீட்டுக்காரன் முதுகில் போய் மோதுவோமே, அதேதான். உள்ளே ஸ்பிரிங் பாய்ந்து கிளம்பும்போது ஒரு உதை, முட்டி நிற்கும்போது ஒரு உதை. ஒவ்வொரு குண்டுக்கும் இரண்டு.

"மவுண்ட் அடியில குட்டி ஆணி மாதிரி ஒரு பின் இருக்கு பாருங்க, உங்க துப்பாக்கி மேல பள்ளத்துக்குப் பின்னாடி ஒரு ஓட்டை இருக்கும். அதுல இந்தப் பின் இறங்கி உட்காரணும். அப்பத்தான் நகராது. பூட்டுறதுக்கு முன்னாடி பள்ளத்தை ஸ்பிரிட் வச்சுத் துடைச்சிருங்க. எண்ணெய்ப் பசையே இருக்கக் கூடாது, ஐயா."

'அம்மா, நீ பிறக்கிறதுக்கு முன்னாலிருந்து நான் ஸ்குரூ முறுக்குறவன்' என்றேன். 'சரிங்க ஐயா' என்று சொல்லிவிட்டு, மறுபடியும் அந்த எண்ணெய் விஷயத்தைச் சொன்னாள். மறுபடியும்! எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவள் சொன்ன மவுண்ட்டைத்தான் வாங்கினேன். வேறு எதையும் எடுத்துக் காட்ட மாட்டேன் என்றுவிட்டாள்.

ஊருக்கு வந்து பூட்டினேன். பார்க்க வேண்டுமே, அவ்வளவு அழகு. டெலஸ்கோப் குழாயை மவுண்ட்டின் வளையத்துக்குள் வைத்து, குறுக்குக் கோடு நேராக நிற்கிறதா என்று தூக்குநூல் தொங்கவிட்டுப் பார்த்து, நாலு ஸ்குரூவையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி முடித்தேன். வீரணனைக் கூப்பிட்டுத் தோளில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அவனுக்குக் கழுத்து நீளம், முன்னால் எட்டிப் பார்க்கிற பழக்கம். டெலஸ்கோப்பின் பின்முனை புருவத்தில் வந்து இடித்தது. "கண்ணக் குத்திரும் போலருக்கேடா" என்றான்.

அப்போது என்ன செய்திருக்கலாம் என்றால், வளையத்தைத் தளர்த்திக் குழாயை மட்டும் இரண்டு விரல் முன்னால் தள்ளியிருக்கலாம். ஆனால் தூக்குநூல் வைத்துப் பூட்டியது. திரும்பத் திறப்பதா? நான் முறுக்கியதை நானே திறப்பதில்லை சார், அது ஒரு வழக்கம். அதனால் மவுண்ட்டையே மொத்தமாக முன்னால் தள்ளினேன். முன்னால் தள்ளினால் அடியிலிருக்கிற அந்தப் பின், ஓட்டைக்கு நேராக வராது. ஆகவே பின்னைக் கழற்றி டப்பாவில் போட்டேன். கழற்றிவிட்டு, பள்ளத்தில் ஒரு பொட்டு மிஷின் எண்ணெய் விட்டேன்.

ஏன் விட்டீர்கள் என்று கேட்காதீர்கள். நாற்பத்தைந்து வருஷத் தொழில். எண்ணெய் விடாமல் நான் இரும்போடு இரும்பைச் சேர்த்ததே கிடையாது. கை அதுவாகப் போய் எண்ணெய்க் குப்பியை எடுத்துவிட்டது. மழைக்காற்று அடிக்கிற ஊர், துருப் பிடிக்காமல் இருக்கட்டும் என்று ஒரு நல்லெண்ணம்.

என் கடைக்குப் பின்னால் சுவரில் அட்டை வைத்து மூன்று குண்டு அடித்தான். மூன்றும் ஒரே ஓட்டை. 'பாத்தியா?' என்றேன். 'நீ பூட்டினா அசையுமாடா' என்றான். அவன் வாயால் சொன்ன வார்த்தை, நான் சேர்த்துச் சொல்லவில்லை.

பொங்கலுக்குப் பத்து நாள் இருந்தது. தினமும் வீட்டுக் கொல்லையில் பழகினான். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் கடைக்கு வந்து, "கொஞ்சம் எடது பக்கமாப் போற மாதிரி இருக்குடா" என்றான். நான் அப்போது ஒரு தையல் மிஷினைத் திறந்து போட்டிருந்தேன். "மூச்ச அடக்கி அடி. வயசாச்சுல்ல, கை ஆடும்" என்றேன். போய்விட்டான்.

காணும் பொங்கல் அன்று ஐந்து குண்டு. ஐந்து பழமும் அப்படியே தொங்கியது சார். ஒன்றுகூட ஆடவில்லை. அன்றைக்கென்று காற்றுகூட இல்லை.

நூறு இருநூறு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீரணன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கண்ணையும் கசக்கிவிட்டு, நேராக நடந்து போய் அந்தப் பழங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். நிஜமாகவே இருக்கிறதா என்று பார்த்தான் போலிருக்கிறது.

மறுநாள் காலையில் ஸ்டாண்டில் நான் இருந்தேன். அன்னக்கொடி என்று ஒரு பெண், பதினான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற கங்காணி. பத்து வருஷமாக வீரணன் வண்டிதான். வந்து வண்டி பக்கத்தில் நின்றாள். ஏறவில்லை.

"அண்ணே, கோவிச்சுக்கிறாதீக. எல்லாம் புள்ளகுட்டிக்காரிக. ஒரு நாளு கண்ணு டாக்டர்ட்ட காட்டிட்டு வந்துருங்க. மறுநாளே நாங்க ஏறிக்கிறோம்."

"நீ சொல்லாட்டியும் நானே ஏத்தியிருக்க மாட்டேன், தாயி" என்றான் இவன்.

அவர்கள் ராசாங்கம் வண்டிக்குப் போன பிறகு வெறும் வண்டியை எடுத்துக்கொண்டு தனியாக மலை ஏறியிருக்கிறான், தன்னைத் தானே சோதித்துப் பார்க்க. எட்டாவது வளைவில் நிறுத்திவிட்டான். எதிரே என்னவோ வருகிற மாதிரி தோன்றியதாம். ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வரவில்லை என்று கண் சொல்கிறது, அந்தக் கண்ணை எப்படி நம்புவது என்று அங்கேயே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறான். பின்னால் வந்த பால் வண்டிக்காரன் இறங்கி ஜீப்பைத் திருப்பிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்ததும் சாவியைப் பெண்டாட்டி பேச்சியிடம் கொடுத்துவிட்டான். அவள் அதை அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருக்கிறாள்.

மூன்று மாதம் ஆகிறது சார். நாளுக்கு நாள் மோசம். வாசலில் நின்று எதிர்க்கடைக் காலண்டரைப் படிப்பான். சரியாகப் படிப்பான். படித்துவிட்டு, 'தேதி எனக்கு ஏற்கெனவே தெரியும்டா, அதான் படிச்சிட்டேன்' என்பான். டம்ளரை எடுக்கக் கையை நீட்டுவான், பாதி வழியில் சந்தேகம் வந்து நிற்பான், தட்டிவிடுவான். படியில் கால் வைக்கும் முன் விரலால் துழாவுவான். தெருவில் நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன். கண் போய்விட்டது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும், சொல்லுங்கள்.

ஒரு வகையில் அவனுக்கும் ஓய்வு. முன்பெல்லாம் நான் ஒரு கதையை ஆரம்பித்தால் பாதியில் 'வண்டிக்கு நேரமாச்சு' என்று ஓடிவிடுவான். இப்போது காலையில் வந்தால் சாயங்காலம் வரைக்கும் என் கடையிலேயேதான். எல்லாக் கதையும் முழுசாகக் கேட்கிறான். மதியச் சோறுகூட இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் பேச்சி கொடுத்து அனுப்புகிறாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் இவ்வளவு நிம்மதியாக நாங்கள் உட்கார்ந்து பேசியதே இல்லை.

என்ன கேட்டீர்கள்? துப்பாக்கியா? துப்பாக்கியைப் பார்க்கவில்லையா என்கிறீர்களா?

பார்த்தேன். பார்க்காமல் இருப்பேனா? போட்டி முடிந்த அன்றே அவன் என் கடையில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான். அவன் போனதும் விளக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். துப்பாக்கியின் மேல்பக்கம் கறுப்பாகத்தானே இருக்கும்? மவுண்ட்டுக்கு முன்னால், பள்ளத்தில், பளபளவென்று ஒரு வெள்ளைத் தடம். ஒரு நகக்கண் நீளம். அவ்வளவுதான். ஒவ்வொரு குண்டுக்கும் மயிரிழை மயிரிழையாக மவுண்ட் பின்னால் வந்திருக்கிறது. வரும்போது லேசாக ஒருக்களித்தும் இருக்கிறது. இருபத்தைந்து எட்டுத் தூரத்தில் அது எவ்வளவு தள்ளிப் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தடத்தை விரலால் தொட்டேன். எண்ணெய் வழுவழுத்தது.

ஸ்பிரிட் வாங்கி வந்து துடைத்தேன். பள்ளத்தையும் துடைத்தேன், அதைக் கவ்வுகிற மவுண்ட்டின் பல்லையும் துடைத்தேன். டப்பாவிலிருந்த பின்னை எடுத்து ஓட்டையில் இறக்கினேன். வளையத்தைத் திறந்து, ஆமாம் சார், திறந்தேன், குழாயை முன்னால் தள்ளி முறுக்கினேன். அட்டை வைத்து இருபது குண்டு அடித்தேன். இருபதும் ஒரு மோதிரத்துக்குள்.

மறுநாள் வீரணன் கேட்டான். "துப்பாக்கில எதும் கோளாறாடா?"

"நானே இருபது குண்டு அடிச்சுப் பாத்தேன் மாப்ளே. இருபதும் ஒரே இடத்துல விழுந்துச்சு."

அதில் ஒரு எழுத்துப் பொய் இருக்கிறதா? நீங்கள் படித்தவர், சொல்லுங்கள். இருபது அடித்தேன், இருபதும் ஒரே இடம். என்னைப் புளுகன் என்கிறார்களே, அன்றைக்கு நான் சத்தியத்தைத்தான் சொன்னேன்.

மற்றதையும் சொல்லியிருக்கலாம். சொல்வதாகத்தான் இருந்தேன். முதல் நாள், இரண்டு நாள் போகட்டும், அவன் மனசு ஆறட்டும் என்று இருந்தேன். ஒரு வாரம் போன பிறகு, இப்போது சொன்னால் ஏன் ஒரு வாரமாகச் சொல்லவில்லை என்று கேட்பானே என்று தோன்றியது. ஒரு மாதம் போன பிறகு அவன் டம்ளரைத் தட்டிவிட ஆரம்பித்துவிட்டான். அப்போது எனக்கே ஒரு எண்ணம் வந்தது. ஒருவேளை நிஜமாகவே கண்ணில் ஏதாவது இருந்து, அது இதோடு சேர்ந்துகொண்டதோ? அப்படியிருந்தால் நான் சொல்லாமல் இருந்ததுதான் நல்லது, இல்லையா? சொல்லியிருந்தால் கண்ணை டாக்டரிடம் காட்டாமலே இருந்திருப்பான். ஒரு நாள் பதினான்கு பேரோடு... வேண்டாம், அதைச் சொல்ல வேண்டாம்.

வீரபாண்டி மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன் சார். கண் குணமாக வேண்டும் என்று அவளுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவார்கள். நானும் அதைத்தான் நேர்ந்திருக்கிறேன், ஆனால் புரை இருந்தால் சாத்துகிறேன் என்று. இப்படி ஒரு வேண்டுதலை அவள் இதுவரை கேட்டிருக்க மாட்டாள். புரை என்றால் அறுத்துவிடுவார்கள். நாலு நாளில் கட்டைப் பிரித்துவிடுவார்கள். அவன் வண்டி எடுப்பான். அன்னக்கொடி ஏறுவாள். நான் பூட்டியதைப் பற்றி யாரும் பேச வேண்டியிருக்காது. யாருக்கு என்ன கெடுதல்?

இன்றைக்கே முடிவு தெரிய வேண்டும். நாளைக்குக் கம்பத்திலிருந்து ஆள் வந்து ஜீப்பை ஓட்டிக்கொண்டு போகப் போகிறான். பேச்சி விலை பேசி வைத்துவிட்டாள். அதுவரைக்கும் சும்மா இருந்த வீரணன் நேற்றுக் காலையில் கடைக்கு வந்து, "டாக்டர் சரி பண்ணிரலாம்னு சொல்லிட்டா, குடுக்க மாட்டேன்டா. என்கூட மதுர வரைக்கும் வர்றியா?" என்று கேட்டான். இருபத்து மூன்று வயதில் வாங்கிய வண்டி அது. அதற்கப்புறம்தான் பேச்சியைப் பார்க்கவே போனான்.

கொஞ்சம் இருங்கள். ஆறாம் நம்பர் கதவு திறக்கிறது. அவன்தான். நீங்கள் தூங்குகிற மாதிரி இருங்கள் சார். கண்ணைத் திறக்காதீர்கள்.

*

போய்விட்டான். கீழே விசாரணைக் கவுண்ட்டரில் ஏதோ கேட்கப் போயிருக்கிறான். இல்லை, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், உங்கள் பேரைக் கூப்பிடவில்லை.

நீங்கள் எல்லாவற்றையும் காதால் கேட்டிருப்பீர்கள். ஆனால் முகத்தைப் பார்த்திருக்க மாட்டீர்களே? அதைச் சொல்ல வேண்டும். யாரிடமாவது சொல்ல வேண்டும்.

அந்தக் கதவுப் பக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் எழுந்து போனேன்.

"என்னடா சொன்னாரு?"

"கண்ணு நல்லாருக்காம்."

"நல்லாருக்கா? புரை?"

"புரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பேப்பர் படிக்க மட்டும் ஒரு கண்ணாடி போட்டுக்கச் சொன்னாரு. உங்க வயசுல இப்படி ஒரு கண்ண நான் பாத்ததில்லங்கறாரு."

அப்போது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் சார். சந்தோஷமே இல்லை. மூன்று மாதமாக இருந்த முகத்தைவிட மோசமான ஒரு முகம்.

"அப்ப கண்ணு இல்லடா" என்றான். தலையைத் தொட்டுக் காட்டினான். "இங்கதான். எங்க அண்ணனுக்கு வந்துச்சே, அதுதான். அவனுக்கும் இப்படித்தான, டம்ளர் தட்டுறதுல ஆரம்பிச்சுச்சு. கண்ணுன்னா அறுத்துரலாம். இத என்னத்தச் செய்ய? கம்பத்துக்காரன் வரட்டும். வண்டி போகட்டும்."

நான் இத்தனை நேரம் கடுகளவு புரைக்கு வேண்டிக்கொண்டிருந்தேன். அது இல்லை என்றால் இவன் இப்படி ஒன்றைக் கண்டுபிடிப்பான் என்று நினைக்கவே இல்லை. அவன் அண்ணன் கடைசி இரண்டு வருஷம் எப்படிக் கிடந்தான் என்று எனக்குத் தெரியும். நானும்தான் தூக்கியிருக்கிறேன்.

அதனால் சொல்லிவிட்டேன். நீங்கள் கேட்டீர்களே. எண்ணெய் விட்டதைச் சொன்னேன், பின்னைக் கழற்றியதைச் சொன்னேன், அந்த நகக்கண் தடத்தைச் சொன்னேன், துடைத்துவிட்டு இருபது குண்டு அடித்ததைச் சொன்னேன். ஒன்றையும் கூட்டவில்லை, ஒன்றையும் குறைக்கவில்லை. வாழ்க்கையில் இவ்வளவு சின்னதாக நான் ஒரு கதை சொன்னதே கிடையாது.

அவன் சிரித்தான் சார். பொங்கலுக்கு அப்புறம் இன்றைக்குத்தான் சிரித்தான்.

"உனக்கு எம்மேல எம்புட்டுப் பிரியம்டா" என்றான். "நான் மனசு விட்டுறக் கூடாதுன்னு ஒந் தொழிலையே குத்தஞ் சொல்லிக்கிறியே. நீ பூட்டினது அசையுமா? ஊரு முழுக்க எத்தன மிஷினு, ஒண்ணு அசைஞ்சிருக்கா? நல்லாத்தான்டா கதை கட்டுற."

"கதை இல்லடா மாப்ளே. சத்தியம்டா."

"குரங்கு டெலஸ்கோப்புல பாத்துச்சே, அதுக்கும் சத்தியம்தான் பண்ணுன."

கையைப் பிடித்துக்கொண்டேன். மாரியம்மன் பேரைச் சொன்னேன், என் பிள்ளைகள் பேரைச் சொன்னேன். அவன் சும்மா என் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தான், எனக்குத்தான் ஏதோ வியாதி என்கிற மாதிரி. அப்புறம் தட்டுவதை நிறுத்தினான். ஏதோ யோசித்தான். நம்பலாமா என்று ஒரு நிமிஷம் அவனுக்கே ஆசை வந்தது சார், அதை நான் பார்த்தேன்.

"சரி" என்றான். "மவுண்ட்டுதான் நகர்ந்துச்சு, எனக்கு ஒண்ணும் இல்ல. அப்படித்தான?"

"அப்படித்தான்."

"அப்ப நாளைக்குக் காலையில கம்பத்துக்காரன வரவேணாம்னு சொல்லிர்றேன். நான் வண்டி எடுக்கறேன். நீ முன்னால ஏறி ஒக்காரு. பதினேழு வளைவும் ஏறி எறங்குவோம். அன்னக்கொடியும் மத்தவளுகளும் ஸ்டாண்டுல நின்னு பாக்கட்டும். ஏறுவியாடா?"

ஏறுவேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

எனக்கு எல்லாம் தெரியும் சார். என்னைவிட யாருக்குத் தெரியும்? அந்தத் தடத்தை என் விரலால் தொட்டவன். ஆனால் மூன்று மாதமாக அவன் கையைப் பிடித்துத் தெருவைக் கடந்தவனும் நான்தானே? அவன் டம்ளரைத் தட்டியது, படியைத் துழாவியது, எட்டாவது வளைவில் ஒன்றுமில்லாததைப் பார்த்து நின்றது, எல்லாம் ஒரே நேரத்தில் வந்து கண்முன் நின்றது. அந்தப் பக்கம் ஒன்றும் இல்லாத அந்தச் சாலையும் வந்தது.

அரை விநாடி. அரை விநாடிகூட இருக்காது. உடனே சொல்லிவிட்டேன், நீங்கள் கேட்டிருப்பீர்கள், "ஏறுவேன்டா, ஏன் ஏற மாட்டேன்" என்று சத்தமாகவே சொன்னேன். காதால் கேட்ட உங்களுக்கு அதில் ஒரு தயக்கமும் தெரிந்திருக்காது.

அவன் மட்டும், "பாத்தியா" என்றான். கோபமாக இல்லை. என் கையை மெதுவாக எடுத்து விட்டுவிட்டு, நரம்பு டாக்டர் மதுரையில் எங்கே இருக்கிறார் என்று கேட்டு வருகிறேன் என்று படியிறங்கிப் போய்விட்டான். சுவரைப் பிடிக்காமல், துழாவாமல், விறுவிறுவென்று போனான்.

அவன் கண் எப்பேர்ப்பட்ட கண் பாருங்கள் சார். மருந்து விட்டு மங்கிக் கிடக்கிற கண். அதை வைத்துக்கொண்டு அந்த அரை விநாடியைப் பார்த்துவிட்டான்.